நான் வெட்டிய நாலு வரி

எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக் கமுக்கமாகச் சிரிக்க வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழாசிரியை நான். இரண்டு பெண்பிள்ளைகள் மேல் பொறாமைப்பட்டேன். ஒருத்திக்குப் பத்தொன்பது, இன்னொருத்திக்கு இருபது. அவர்களுடைய அழகைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ இல்லை. என் வீட்டுக்காரர் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அதுதான் காரணம்.

அவர் மஸ்கட்டில் இருபத்தாறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். எங்கள் கடற்கரை ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது இப்படி உண்டு, அதனால் அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நான் அந்த இருபத்தாறு வருஷமும் பள்ளிக்கூடம், பிள்ளை, வீடு, கவிதை என்று ஓட்டினேன். ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வாழ்த்துப்பா எழுதி மேடையில் வாசிப்பது நான்தான். நாற்பது வரி. எதுகை மோனை ஒன்று பிசகாது.

அவர் திரும்பி வந்த முதல் வருஷம், அவர் முன்னால் வாசிக்கப் போகிறோம் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு மேடையேறினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆறாவது வரி வாசிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், மனுஷருடைய தாடை நெஞ்சில் முட்டி நிற்கிறது. நல்ல உறக்கம். வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொள்ளாம்" என்றார். பரவாயில்லை, நன்றாக இருக்கிறது என்று இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான்.

"எது கொள்ளாம்?"

"எல்லாம் கொள்ளாம் டீச்சரே."

கட்டின பெண்டாட்டியை டீச்சரே என்று கூப்பிடுவது அவருக்குக் கேலி. அன்றைக்கு அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் பாடிக்கொண்டிருந்தது. டொப் டொப் என்று ஒரு தாளம், அதற்கு மேல் ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசுகிறாள். இவருடைய உதடும் அவளோடு சேர்ந்து அசைகிறது. ஒரு சொல் தப்பவில்லை. நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"வீட்டுலேந்து பஸ் ஸ்டாப்பு நூறு அடி தூரம்,
அதுக்குள்ள ஏழு பேரு கேட்டாச்சு வெவரம்.
மார்க்கு எத்தன, ஷால் எங்க, எவன்கூட போன?
பதில் சொல்லி முடிக்கயில பஸ்சு போச்சு தானே!"

"இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"ராப் பாட்டாக்கும். நம்ம ஊரு பிள்ளையளு. இஞ்ச வந்து கேளேன்."

எனக்கு அந்தக் குரலைத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த குள்ளப் பெண் அவள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் கிறுக்கி வைப்பாள். ஒருநாள் அதைப் பிடுங்கி "வீண் வேலை" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். இப்போது நாகர்கோவிலில் ஒரு மொபைல் கடையில் மதியம்வரைக்கும் வேலை பார்க்கிறாள். கூட இருக்கும் நெட்டைப் பெண் நெய்யூர்ப் பக்கம் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய அம்மா மீன் விற்கிறவர். அண்ணன்மாருடைய தொளதொளச் சட்டையை மாட்டிக்கொண்டு ரப்பர் செருப்புக் காலோடு இரண்டும் கடற்கரையில் நின்று போனில் படம் பிடித்துப் போடும். தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குப்பேரவை ஆண்கள் கூடி உட்கார்ந்து பெண்பிள்ளைகளின் உடுப்பைப் பற்றி முடிவெடுப்பதைக் கிண்டலடித்து ஒரு பாட்டுப் போட்டார்கள். அதற்காக இளைஞர் இயக்கத்திலிருந்து ஒரு மாசம் விலக்கி வைத்தார்கள். விலக்கி வைத்த மாசத்தில் இரண்டு பாட்டு எழுதிவிட்டார்கள் சனியன்கள்.

வீட்டில்தான் இப்படி என்றால் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல். எட்டு வரிச் செய்யுளை ஒரு வாரமாக மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒருத்தருக்கும் நாலாவது வரிக்கு மேல் நகரவில்லை. அன்றைக்கு இடைவேளையில் வராந்தாவில் வருகிறேன், உள்ளே டெஸ்கில் தாளம். எனக்குப் பதில் சொல்ல வாயே திறக்காத ஒரு பெண் அந்தப் பஸ் ஸ்டாப்புப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கொட்டுகிறாள். "எவன்கூட போன?" என்று அவள் நிறுத்தினால் வகுப்பு முழுக்கப் பதில் சொல்கிறது. அந்த நூறு அடியைத் தினமும் நடக்கிற பிள்ளைகள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு எரிந்தது.

சின்னதுகள் ஆடுகின்றன, போகட்டும் என்று விடலாம். ஆனால் மீன்கொண்டு போகும் ஆட்டோவில் அம்மாமார் எல்லாம் அதையே போட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் போனில் கூப்பிட்டு, "அம்மா, நம்ம ஊரு அக்காமாரு பாட்டு இங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும்" என்கிறாள். என் கவிதைத் தொகுப்பு ஒன்று அதே ஹாஸ்டலில் அவள் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஊரில் கிழவனும் கிழவியும் குமரும் எல்லாம் கேட்டுவிட்டுப் போகட்டும், எனக்கு அது பெரிதில்லை. இந்த மனுஷர் கேட்கிறாரே என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது. இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் என் நாற்பது வரியை ஒருதடவையாவது உறங்காமல் கேட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா மேடையில் யார் எதைப் பாடினாலும் நடித்தாலும் அந்த எழுத்து முதலில் என் கைக்கு வர வேண்டும். ஒரு வருஷம் யாரோ ஒரு குடும்பத்தைக் கேலிசெய்து நாடகம் போட்டு, நாற்காலிகள் பறந்தன. அதற்குப் பிறகு பங்குத்தந்தை, "டீச்சர் பாத்துக் கையெழுத்துப் போட்டாதான் மேடை" என்று சொல்லிவிட்டார். ஏழெட்டு வருஷமாக நான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள், வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள். போன திருவிழாவில் இளைஞர் இயக்கத்தின் நாளுக்கு அந்த இரண்டு பெண்களும் புதுப் பாட்டு ஒன்று எழுதித் தந்தார்கள். அதற்கு முன்னால் எங்கேயும் பாடாதது, போனிலும் போடாதது. தலைப்பு "லீவு".

கோடுபோட்ட தாள் இரண்டு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, எங்கே பிழை கிடைக்கும் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் ஒரு மனுஷன் பேசுகிறான். ஏர்போர்ட், பெட்டி, பெட்டியைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள், எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான் என்று படித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது தாளில் இந்த நாலு வரி.

"எனக்க காசுல எழும்பின வீடு, எனக்கு மட்டும் வெளங்கல்ல,
எந்த சுவிச்சு எந்த லைட்டுன்னு, கேக்க வாயும் எழும்பல்ல.
அங்க கெடந்து இங்க வர அழுதேன், வந்த எட்டாம் நாளு
எண்ணிப் பாத்தேன் திரும்பிப் போக இன்னும் எத்தன நாளு."

தாளைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். நானும் பிரிவைப் பற்றி எழுதியிருக்கிறேன். நிலா வரும், அலை வரும், காத்திருக்கும் கண் வரும். அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சொந்த வீட்டிலே சுவிட்ச் தெரியாமல் போகும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு வளைகுடாக்காரனோடு குடும்பம் நடத்திய எனக்குத் தோன்றாதது, ரப்பர் செருப்புப் போட்டு அலையும் இந்தப் பொடிசுகளுக்கு எப்படித் தோன்றியது? இதை இவர் கேட்டால் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்த்தேன். என் முகத்தைக்கூட இனிமேல் பார்க்க மாட்டார் என்று தோன்றியது.

சிவப்புப் பேனாவை எடுத்து நாலு வரியையும் குறுக்கே அடித்தேன். ஓரத்தில், "குடும்பத் தலைவரை இழிவுபடுத்துகிறது. நீக்கவும்" என்று எழுதினேன். எழுதும்போதே அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு தாளிலும் நல்ல வரிகள் அவைதான். நல்லதாக இருந்ததால்தான் அடித்தேன்.

மறுநாள் இரண்டும் பள்ளிக்கூட வராந்தாவுக்கே வந்து நின்றன. குள்ளப் பெண்தான் பேசினாள்.

"டீச்சர், இந்த நாலு வரி மட்டும் வேணும். மத்ததுல எத வேணும்னாலும் வெட்டுங்க."

"ஏட்டி, வீட்டுக்காரனுக்கு வீட்டுல சுவிட்சு தெரியாதுன்னு மேடையில சொன்னா, கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நாங்க சொல்லல்ல டீச்சர். ஒருத்தரு சொன்னது. தாளத்துக்கு ஏத்தமாதிரி முன்ன பின்ன வச்சோம், அவ்வளவுதான்."

"யாரு சொன்னது?"

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நெட்டைப் பெண், "பேரு சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கோம் டீச்சர்" என்றாள்.

"பேரு சொல்ல வெக்கப்படுறவனுக்கு மேடை எதுக்கு? வெட்டுனது வெட்டுனதுதான்" என்றேன்.

நான் அடித்த வரிகளைக் குள்ளப் பெண் பார்த்தாள். எதிர்த்துச் சண்டைபோடுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி டீச்சர்" என்று போய்விட்டாள்.

திருவிழாவில் அவர்களுடைய நாளன்று வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. நான் சொல்லாமலே என் வீட்டுக்காரர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். ஆறு மணிக்கே கிளம்பி நின்றார். வழியில் அவரைப் போலவே வளைகுடாவிலிருந்து திரும்பிய கூட்டாளிகள் இரண்டு பேரை வீட்டுக்குள் போய் இழுத்துக்கொண்டு வந்தார். "இண்ணைக்கு நீங்க வந்தே ஆவணும்" என்று அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவது வரிசையில் நடுவாகப் பார்த்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

திருப்பலி முடிந்து நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் என் வாழ்த்துப்பா. பத்தாவது வரியில் பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். உறங்கவில்லை. இருபதாவது வரியிலும் உறங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் பத்து வரியை நான் அந்த அளவுக்குக் குரலெடுத்து வாசித்தது என் வாழ்க்கையிலேயே கிடையாது. எனக்காகத்தான் இஸ்திரி போட்டிருக்கிறார், எனக்காகத்தான் கூட்டாளிகளை இழுத்துவந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மண்டூகம் உண்டா சொல்லுங்கள்.

அடுத்து அந்தப் பெண்கள். பின்வரிசைப் பையன்களும் பிள்ளைகளும் நாற்காலியை விட்டு எழும்பி முன்னால் ஓடிவந்தார்கள். "லீவு" பாட்டு ஆரம்பித்ததும் சின்னவர்கள் கத்தினார்கள். பெட்டி வந்து இறங்கும் வரிக்கு வந்ததும் ஆட்டம் பெரியவர்களுக்கு மாறிவிட்டது. மீன்காரி அம்மாமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கூட்டாளியின் தொடையில் தட்டி, இனிமேல்தான் பார் என்பதுபோல மேடையைக் காட்டினார்.

அந்த இடம் வந்தது. தாளம் மட்டும் ஓடியது. இரண்டு பெண்களும் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்கள். நாலு வரியின் நேரம். கூட்டம் அதையும் ஒரு ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தது. பிறகு விட்ட இடத்துக்கு அடுத்ததிலிருந்து பாடி முடித்தார்கள்.

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் எல்லாரையும்போலக் கைதட்டினார். வீட்டுக்கு நடக்கும்போது பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஓட்டை விழுந்த பாட்டு இவருக்குப் பிடிக்கவில்லை என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை. கிழங்கு அவித்து மீன்கறி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றார்.

"டீச்சரே, அந்த நாலு வரிய எதுக்கு வெட்டுன?"

"எந்த நாலு வரி?"

"சுவிச்சு வரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியைப் பார்த்தவள் நான் ஒருத்தி, எழுதியவர்கள் இரண்டு பேர். மேடையில் அது வரவே இல்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கிழங்கைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "ஊரான் கட்டடத்துக்கெல்லாம் சுவிச்சு போட்டது நானாக்கும். எனக்க வீட்டுக்கு எவனோ போட்டான். லீவுக்கு வந்து ஹால் லைட்டுன்னு நெனச்சு ஃபேன போடுவேன், ஃபேன்னு நெனச்சு வெளி லைட்டப் போடுவேன். நீயும் பிள்ளையும் சிரிப்பிய. பெறவு நான் சுவிச்சு பக்கமே போவ மாட்டேன். இருட்டுனா யாராவது வந்து போடட்டும்னு இருப்பேன். அதத்தான் அந்த பிள்ளையளுகிட்ட சொன்னேன். அது எனக்க வார்த்தையாக்கும்."

நாங்கள் சிரித்தது எனக்கு நினைவில் இருக்கிறது. "கெஸ்ட் வந்திருக்காரு, லைட்டப் போட்டுக் குடு மக்களே" என்று நான்தான் பிள்ளையிடம் சொல்வேன். எலெக்ட்ரீஷியனுக்குச் சுவிட்ச் தெரியவில்லை என்பது எங்களுக்கு அவ்வளவு பெரிய தமாஷ். எட்டாம் நாளிலேயே திரும்பிப் போக அவர் நாளெண்ணினார் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். எனக்குக் கோபம் வந்தது.

"நீ கேக்கலியே. அந்த பிள்ளையளு கேட்டுது."

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் நடக்கப் போவது சர்க்கரை வியாதிக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழலில் அந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்திருப்பார்களாம். வருகிற ஆம்பிளைகள், பொம்பிளைகள் எல்லாரிடமும் ஒரே கேள்வி. "வீட்டுல யாருகிட்டயும் சொல்லாத ஒரு காரியம் சொல்லுங்க." கேட்டுவிட்டுப் போனை மணலில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்களாம்.

"எம்பிட்டு நேரம் ஆனாலும் வாயத் தொறக்காதுங்க டீச்சரே. நாம சொல்லி முடிக்கது வரைக்கும் அப்படியே இருக்கும். மூணு நாளு சும்மா இருந்துட்டு வந்தேன். நாலாம் நாளு தன்னால வந்துட்டுது."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "குடும்பம், இழிவு அதெல்லாம் பொய். பொறாமையிலதான் வெட்டினேன்" என்று சொல்லிவிட்டேன்.

"யாருமேல?"

"அவளுக மேலதான். நீங்க அவளுக பாட்ட மட்டும்தான கேக்குதிய."

அவர் சிரித்தார். "அந்த கொச்சுப் பிள்ளையளு மேலயா? சவத்த விடு. சாரமில்ல."

சாரமில்லை, பரவாயில்லை என்று அவர் சொல்லலாம். எனக்கு அப்படி விட முடியவில்லை. அவர் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப நான் கேக்கேன். அந்த எட்டாம் நாளப் பத்தி எங்கிட்ட சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்தார். சன்னலைப் பார்த்தார். நானும் பேசாமல் இருந்தேன். கடைசியில் ஆரம்பித்தார்.

"மூணாவது லீவுக்கு வந்தப்பம், பிள்ளைக்கு மூணு வயசு. எனக்க கூட படுக்க மாட்டேன்னு அழுதா. நான் வெளிய வந்து படியில இருந்தேன். அப்பம் எனக்கு..."

"மூணாவது இல்ல, நாலாவது லீவு. பிள்ள அப்ப எல்கேஜி" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் நிறுத்தினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"ஆமா, நாலாவதுதான்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நான் பின்னாலேயே போய், "சொல்லுங்க, பெறவு என்ன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செருப்பைப் போட்டார். "போயிட்டு வாறேன் டீச்சரே" என்றார். நடக்கப் போகவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். வள்ளத்து நிழலில் அந்தப் பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். படியில் உட்கார்ந்த அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால், அடுத்த பாட்டு வரும்வரைக்கும் ஊராரோடு சேர்ந்து நானும் காத்திருக்க வேண்டும்.